பச்சைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள்!

காலையில் வாங்கிய முருங்கைக்கீரைக் கட்டை அடுக்களை மூலையில் வைத்துவிட்டு மறந்து போகிறீர்கள். மறுநாள் பிரித்துப் பார்த்தால் பாதி இலை உதிர்ந்து கிடக்கிறது. மீதி இலை மஞ்சளாகியிருக்கிறது. ‘அடடா, பழுத்துப் போச்சே!’ என்று அலுத்துக்கொண்டே குப்பைக்கூடையில் கொட்டுகிறீர்கள்.

ஒரு நிமிஷம்! அந்த மஞ்சள் நிறம் ஒரே ராத்திரியில் எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை என்பதுதான் பதில். அது நேற்றே அந்த இலைக்குள் இருந்தது. இலை துளிர்விட்ட நாள் முதலே இருந்தது. பச்சை நிறம் அதை மூடி மறைத்திருந்தது, அவ்வளவுதான். இலை வாடும்போது பச்சையம் முதலில் சிதைகிறது. திரை விலகியதும் உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது.

அந்த மஞ்சள், ஆரஞ்சு நிறப் பொருள்களின் குடும்பத்துக்குக் ‘கரோட்டினாய்டு’ என்று பெயர். அதில் ஒருவர்தான் நமக்கு நன்கு தெரிந்த பீட்டா கரோட்டின். உங்கள் குழந்தை அந்தி நேரத்தில் தட்டுத் தடுமாறாமல் நடக்கிறது என்றால், அதற்கு இந்தப் பொருள்தான் காரணம். ஆனால் இதைச் செய்யும் வித்தை நம் உடம்புக்குத் தெரியாது. பாக்டீரியாவுக்குத் தெரியும், பாசிக்குத் தெரியும், கீரைக்குத் தெரியும். மனிதனுக்கு மட்டும் தெரியாது!

அதெப்படி? இந்த வித்தை யாரிடமிருந்து யாருக்குப் போனது? செங்கல்பட்டு வட்டாரத்தையும் மாமல்லபுரம் கடற்கரையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே இந்தக் கதை முழுவதும் தெரிந்துவிடும். வாருங்கள், போகலாம்.

முதலில் சமையல் குறிப்பு

கிளம்புவதற்கு முன் ஒரு சின்ன விஷயம். பீட்டா கரோட்டினைச் செய்வதற்கும் ஒரு செய்முறை உண்டு. மணி கோப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட சின்னத் துண்டுதான் ஒரு மணி. நான்கு மணிகளைக் கோத்தால் இருபது கார்பன் கொண்ட ஒரு சரம். அப்படி இரண்டு சரங்களை முனையோடு முனை சேர்த்தால் நாற்பது கார்பன் கொண்ட நீளமான மாலை. இதற்குப் பெயர் ஃபைட்டோயீன். ஆனால் பாருங்கள், இதற்கு நிறமே கிடையாது!

அடுத்த வேலை, மாலையிலிருந்து ஹைட்ரஜன் அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுவது. நான்கு தடவை கழற்றினால் மாலை பளிச்சென்று சிவப்பாகிவிடும். அதுதான் லைக்கோப்பீன், தக்காளியின் சிவப்பு. கடைசியாக அதன் இரண்டு முனைகளையும் வளையம் போல மடக்கினால் பீட்டா கரோட்டின் தயார்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு வேலையாள் வேண்டும். அந்த வேலையாள்தான் என்ஸைம். அந்த என்ஸைமை எப்படிச் செய்வது என்று எழுதி வைத்த குறிப்புதான் மரபணு, அதாவது ஜீன். ஆக, சரம் கோக்க ஒரு ஜீன், இரண்டு சரத்தை இணைக்க ஒரு ஜீன், ஹைட்ரஜனைக் கழற்ற ஜீன், முனையை மடக்க ஒரு ஜீன். குறிப்புச் சீட்டு கையில் இருந்தால் சமைக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் வாங்கித்தான் சாப்பிட வேண்டும்.

இனி பயணம்.

முதல் நிறுத்தம்: செங்கல்பட்டு மண்

1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகமே கவனித்த ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி எவ்வளவு தூரம் பலன் தருகிறது என்று பார்க்கும் மாபெரும் சோதனை அது. இன்று அந்தக் கிராமங்கள் திருவள்ளூர் பக்கம் சேர்ந்துவிட்டன. ஆனாலும் மருத்துவப் புத்தகங்களில் ‘செங்கல்பட்டு ஆய்வு’ என்றுதான் பெயர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது அதில் கிடைத்த முடிவு. (பச்சைக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது. அதனால் குழந்தை பிறந்ததும் போடும் அந்த ஊசியைத் தவறவே விடாதீர்கள்!)

ஏன் இப்படி ஆயிற்று? காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மண்ணிலும் தண்ணீரிலும் ஏராளமாக வாழ்கிறார்கள். மக்கள் உடம்பு அவர்களோடு ஏற்கெனவே பழகிப்போனது ஒரு காரணமாக இருக்கலாமே என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் அந்தப் பகுதியின் மண், தண்ணீர், வீட்டுத் தூசி ஆகியவற்றிலிருந்து இந்தக் கிருமிகளைப் பிரித்தெடுத்து, 1994-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? இந்தக் கிருமிகளை அடையாளம் காண ஆய்வுக்கூடங்களில் ஒரு பழைய வழி உண்டு. 1959-ல் ரன்யான் என்ற அமெரிக்க விஞ்ஞானி வகுத்தது. நிறத்தைப் பார்ப்பதுதான் அந்த வழி! காசநோய்க் கிருமியை வளர்த்தால் வெளிறிய நிறத்தில் வரும். அதன் சகோதரர்களில் சிலர் இருட்டிலேயே மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வளர்வார்கள். இன்னும் சிலர் இருட்டில் வெளுப்பாக இருந்து, வெளிச்சம் பட்டதும் மஞ்சளாக மாறுவார்கள். அந்த மஞ்சளும் கரோட்டினாய்டுதான்.

வெளிச்சம் பட்டதும் ஏன் மாறவேண்டும்? வெயிலுக்குக் குடை பிடிப்பது போலத்தான். ஒளியும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் செல்லைக் குத்திக் கிழிக்கும் முரட்டு ஆக்ஸிஜன் உண்டாகிறது. கரோட்டினாய்டு அதன் முரட்டுத்தனத்தை வாங்கி, சூடாக வெளியேற்றிவிடும். ஆக, இந்த நிறம் அழகுக்கு வந்ததல்ல. உயிரைக் காக்க வந்தது!

பாக்டீரியாவின் குறிப்புச் சீட்டை முழுசாகப் படித்த பெருமை ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு உரியது. செடிகளில் வாழும் ஒரு மஞ்சள் பாக்டீரியாவில் இந்த ஜீன்கள் எல்லாம் ஒரே கொத்தாக, ஒன்றை ஒட்டி ஒன்று இருப்பதை 1990-ல் அவர்கள் வெளியிட்டார்கள். நம் குடலில் வாழும் நிறமில்லாத ஈ.கோலி கிருமிக்குள் அந்தக் கொத்தைச் செலுத்தியதும் அதுவும் மஞ்சளாகிவிட்டது! கொத்தாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. சாவிக்கொத்து மாதிரி, ஒரே கையில் எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் ஜீன்களைக் கைமாற்றிக்கொள்வது சகஜம். கரோட்டினாய்டு வித்தை பல பாக்டீரியாக் குடும்பங்களுக்கு இப்படியும் பரவியிருக்கிறது.

இரண்டாவது நிறுத்தம்: மாமல்லபுரத்துப் பாறை

மாமல்லபுரத்தில் பாறைகளைச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். மழைத் தண்ணீர் வழியும் பாறைகளில் கறுப்பாகக் கோடு இறங்கியிருக்கும். ‘அழுக்கு’ என்று நினைத்துக் கடந்து போகிறோம். இப்படிப்பட்ட கறுப்புப் படிவுகளில் பெரும்பாலும் இருப்பது உயிருள்ள நீலப்பச்சைப் பாசி. கோடையில் காய்ந்து கருகிக் கிடக்கும். நாலு தூறல் விழுந்தால் மறுபடி உயிர்த்துக்கொள்ளும்.

பெயரில்தான் பாசி. ஜாதகப்படி அதுவும் பாக்டீரியாதான்! சயனோபாக்டீரியா என்பார்கள். சூரிய ஒளியில் தண்ணீரைப் பிளந்து ஆக்ஸிஜனை வெளியே விடும் வேலையைப் பூமியில் முதன்முதலில் ஆரம்பித்தது இந்தக் கூட்டம்தான். இன்று நாம் இழுக்கும் மூச்சுக்கு அன்றே பிள்ளையார் சுழி போட்டவர்கள்.

ஆனால் இந்த வேலையில் ஆபத்து அதிகம். ஒளியும் ஆக்ஸிஜனும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே! பச்சையம் வைத்துக்கொண்டிருக்கும் உயிருக்குக் கரோட்டினாய்டு இல்லாமல் முடியவே முடியாது. அது இல்லாத செடி, வெயிலில் வெளுத்துச் செத்துப்போகும்.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான திருப்பம். சாதாரண பாக்டீரியாவில் ஹைட்ரஜனைக் கழற்றும் நான்கு வேலையையும் ஒரே ஆள் செய்து முடிக்கிறார். ஆனால் நீலப்பச்சைப் பாசிகள் பெரும்பாலானவற்றில் அதே வேலைக்கு நாலு ஆள்! இருவர் கழற்ற, மற்ற இருவர் மாலையின் முறுக்கை நிமிர்த்தி நேராக்குகிறார்கள். இந்தக் கூட்டத்தில் மிகப் பழைய கிளையைச் சேர்ந்த குளோயோபாக்டர் என்ற ஒன்று மட்டும் இன்னும் பழைய ஒற்றை ஆளையே வைத்திருக்கிறது. 2005-ல் கண்டுபிடித்தார்கள். பழைய முறை மாறிப் புது முறை வந்த காலத்தின் மிச்சசொச்சம் அது என்று கருதுகிறார்கள்.

கடைகளில் மாத்திரையாக விற்கும் ஸ்பைருலினாவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதைக் கிராமத்துத் தொட்டிகளில் வளர்க்கும் முறையை உருவாக்கியவர்களில் சென்னைத் தரமணியின் முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையமும் ஒன்று.

மூன்றாவது நிறுத்தம்: சிவக்கும் உப்பளம்

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் செய்யூர்ப் பக்கம் உப்பளங்கள். இன்னும் கொஞ்சம் போனால் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம். கோடையில் பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட, உப்பு கட்டும் பருவத்தில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுவது உலகெங்கும் உப்பளங்களில் காணும் காட்சி. யாரோ குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல இருக்கும்!

கரைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டுனாலியெல்லா என்ற ஒற்றைச் செல் பாசி. 1838-ல் பிரான்ஸ் நாட்டு உப்பளத்தில் ட்யூனால் என்பவர் இதை முதலில் கவனித்தார். அவர் பெயரையே பின்னால், 1905-ல் இதற்கு வைத்தார்கள். உண்மையில் இது பச்சைப் பாசி. ஆனால் வெயிலும் உப்பும் ஏற ஏற, உடம்பு முழுக்கப் பீட்டா கரோட்டினைச் சேர்த்துக்கொண்டு ஆரஞ்சாகிவிடும். காய்ந்த எடையில் நூற்றுக்குப் பத்து பங்கு வரைக்கும்! வேறு எந்த உணவுப் பொருளிலும் இவ்வளவு கிடையாது. அதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் இஸ்ரேலிலும் இதைக் குளம் கட்டி வளர்த்து, மாத்திரைக்கும் உணவு நிறத்துக்கும் பீட்டா கரோட்டின் எடுக்கிறார்கள்.

சரி, பாசிக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது? நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஏதோ ஒரு செல், ஒரு நீலப்பச்சைப் பாசியை விழுங்கியது. விழுங்கியதை ஜீரணிக்கவில்லை. உள்ளேயே குடிவைத்துக்கொண்டது! வந்த விருந்தாளி அப்படியே தங்கிவிட்டார். இன்று ஒவ்வொரு பச்சைப் பாசியிலும் ஒவ்வொரு இலையிலும் பச்சையத்தைத் தாங்கி நிற்கும் ‘குளோரோபிளாஸ்ட்’ அந்த விருந்தாளியின் வாரிசுதான். வந்தவர் கொண்டுவந்த ஜீன்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் வீட்டுக்காரரின் பெட்டகத்துக்கே, அதாவது செல்லின் உட்கருவுக்கே, போய்ச் சேர்ந்தன. புகுந்த வீட்டில் சீர் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உப்பளத்தைச் சிவப்பாக்கும் இரண்டாவது ஆள், உப்பிலேயே வாழும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர். பாக்டீரியா போலக் கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் உயிர் மரத்தில் தனிக் கிளை. அதனிடமும் சிவப்புக் கரோட்டினாய்டு உண்டு. இன்னொரு அதிசயமும் உண்டு. அது பீட்டா கரோட்டினை நடுவில் இரண்டாக வெட்டி ‘ரெட்டினால்’ என்ற பொருளாக்கி, அதைக்கொண்டு வெளிச்சத்தைப் பிடிக்கிறது. 1971-ல் இது தெரிய வந்தபோது விஞ்ஞானிகளே அசந்துபோனார்கள். ஏன் தெரியுமா? நம் கண்ணின் விழித்திரையில் வெளிச்சத்தைப் பிடிப்பதும் அதே ரெட்டினால்தான்!

உப்புப் பாத்தியில் வாழும் நுண்ணுயிருக்கும் உங்கள் வீட்டுக் குழந்தையின் கண்ணுக்கும் ஒரே பொருள். பிரமிப்பாக இல்லை?

நான்காவது நிறுத்தம்: உங்கள் வீட்டு முருங்கை

பச்சைப் பாசியின் வழியில் வந்தவைதான் நிலத்துச் செடிகள் எல்லாம். ஆகவே முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி எல்லாமே நீலப்பச்சைப் பாசி கொடுத்த அந்த ‘நாலு ஆள்’ முறையில்தான் இன்றைக்கும் பீட்டா கரோட்டின் சமைக்கின்றன. சீட்டு அதே சீட்டு.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பச்சை இருக்கும் இடத்தில் மஞ்சளும் இருந்தே தீர வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் காவல்காரரும் அதிகம். ‘கேரட்தான் கண்ணுக்கு நல்லது, விலைதான் கட்டுப்படியாகல’ என்று அலுத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கு ஒரு கணக்கு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி நூறு கிராமில் உள்ள கரோட்டின் (மைக்ரோகிராமில்):

முருங்கைக்கீரை – 6780
தண்டுக்கீரை – 5520
அகத்திக்கீரை – 5400
மாம்பழம் – 2743
கேரட் – 1890
பப்பாளிப் பழம் – 666

2017-ல் அதே நிறுவனம் புதிய முறையில் அளந்து வெளியிட்ட அட்டவணையில் எண்கள் மாறியிருக்கின்றன. ஆனால் முருங்கைக்கீரை கேரட்டைவிட மேலே என்பது மாறவில்லை. கொல்லையில் சும்மா கிடைப்பதற்கு என்றுமே மதிப்புக் குறைவுதானே!

அரிசியின் கதை

‘அரிசியில் இருக்கா?’ என்று கேட்பீர்கள். நெற்பயிரின் இலையில் இருக்கிறது. நாம் சாப்பிடும் வெள்ளை அரிசியில் இல்லை. சீட்டு தொலைந்துபோகவில்லை. அரிசி மணிக்குள் அந்தச் சமையல் நடப்பதில்லை, அவ்வளவுதான்.

இதை நடக்க வைத்தால் என்ன என்று முயன்றதுதான் ‘தங்க அரிசி’. இங்கோ பொட்ரைகஸ், பீட்டர் பேயர் என்ற இரு விஞ்ஞானிகளின் குழு 2000-ல் வெளியிட்டது. அவர்கள் சேர்த்த முக்கியமான ஜீன்கள் இரண்டு. சரங்களை இணைக்கும் ஜீன் டாஃபடில் பூச்செடியிலிருந்து. ஹைட்ரஜன் கழற்றும் ஜீன்? அங்கேதான் வேடிக்கை! செடியின் நாலு ஆளைக் கூப்பிடாமல், ஜப்பானியர் படித்த அந்த மஞ்சள் பாக்டீரியாவின் ஒற்றை ஆளையே கூட்டி வந்தார்கள். நூறு கோடி ஆண்டுகளாகப் பிரிந்து கிடந்த இரண்டு முறைகளும் ஒரு நெல்மணிக்குள் சந்தித்தன. 2005-ல் டாஃபடிலுக்குப் பதில் மக்காச்சோளத்தின் ஜீனை வைத்ததும் நிறம் பல மடங்கு கூடியது.

பிலிப்பைன்ஸ் நாடு 2021-ல் இதைப் பயிரிட அனுமதித்தது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. நம் நாட்டில் வியாபாரத்துக்கு வரவில்லை. வரட்டும், வராமல் போகட்டும். முருங்கை மரம் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லையே!

நமக்கு ஏன் இல்லை?

மிருகங்கள் பொதுவாக இந்த வித்தையை அறியா. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. அங்கே வளரும் இறாலும் இந்த நிறத்தைத் தானாகச் செய்யாது. பாசியிலிருந்தும் தீனியிலிருந்தும்தான் பெறுகிறது. உயிரோடு இருக்கும்போது ஒரு புரதம் அந்த நிறத்தைப் போர்த்தியிருக்கும். கொதிக்கும் சட்டியில் போட்டதும் போர்வை விலகிச் சிவப்பு தெரியும். செடிப்பேன் வகை ஒன்று இதற்கு ஒரு விதிவிலக்கு. ஏதோ ஒரு பூஞ்சையிடமிருந்து இந்த ஜீன்களைப் பெற்றுத் தானே நிறம் செய்துகொள்கிறது என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். செடிப்பேனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் நமக்குக் கிடைக்கவில்லை!

நம்மிடம் இருப்பது ஒரே ஒரு கத்திரி. குடலில் இருக்கும் ஒரு என்ஸைம், பீட்டா கரோட்டினை நடுவில் வெட்டி இரண்டு ரெட்டினால் ஆக்குகிறது. அதுதான் வைட்டமின் ‘ஏ’. கத்திரி இருக்கிறது, துணி இல்லை. துணியைத் தட்டில்தான் வாங்க வேண்டும்.

வாங்காவிட்டால் என்ன ஆகும்? முதலில் மாலைக்கண். விளக்கேற்றும் நேரத்தில் குழந்தை சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும், தட்டில் இருப்பதைத் துழாவும். அடுத்து, வெள்ளை விழியில் நுரை படிந்த மாதிரி சாம்பல் நிறத் திட்டு. அதையும் கவனிக்காவிட்டால் கருவிழி காய்ந்து, புண்ணாகி, பார்வையே போய்விடும். போனது திரும்பாது.

கண்ணோடு போகிற விஷயமும் இல்லை இது. திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகளைச் சேர்த்து டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வாரம் ஒரு முறை சிறிய அளவு வைட்டமின் ‘ஏ’ கொடுத்த குழந்தைகளிடையே சாவு 54 சதவீதம் குறைந்தது என்று 1990-ல் வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. பின்னால் மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் பலன் கூடவும் குறையவும் தெரிந்தது. ஆனால் இந்தச் சத்து குறைந்த குழந்தை அம்மையையும் வயிற்றுப்போக்கையும் தாங்கும் சக்தியை இழக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

அடுக்களையில் என்ன செய்யலாம்?

* எண்ணெய் இல்லாமல் வேலை நடக்காது. கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பத்தியக் கீரை மாதிரி வெறுமனே வேகவைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளியுங்கள், அல்லது பருப்போடு மசித்து நெய் விடுங்கள்.

* பச்சையாகத் தின்பதைவிடச் சமைத்தது மேல். வேகும்போது செல் சுவர் உடைந்து கரோட்டின் வெளியே வரும். ஆனால் மூடி போட்டு, கொஞ்ச நேரம் மட்டும். கருகக் கருக வதக்கினாலும், நேர் வெயிலில் காயவைத்தாலும் போச்சு!

* இலைக் கரோட்டின் முழுவதும் உடம்பில் வைட்டமின் ஆவதில்லை. உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின், ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ‘ஏ’வுக்குச் சமம் என்று அமெரிக்க நிபுணர் குழு 2001-ல் கணக்கிட்டது. ஆகவே ‘வாரத்துக்கு ஒரு நாள் வெள்ளிக்கிழமை கீரை’ போதாது. தினமும் ஒரு கைப்பிடியாவது வேண்டும். அதோடு பால், முட்டை மஞ்சள் கரு, சாப்பிடுகிறவர்கள் வீட்டில் ஈரல் ஆகியவற்றில் தயார் வைட்டமினே இருக்கிறது.

* சிவப்பெல்லாம் ஒன்றல்ல. தக்காளியின் லைக்கோப்பீனில் முனை வளையம் கிடையாது. அதிலிருந்து வைட்டமின் ‘ஏ’ வராது. பீட்ரூட் சிவப்போ வேறு ஜாதி. அது வேகவைத்த தண்ணீரில் இறங்கும். கேரட் நிறம் தாளித்த எண்ணெயில் இறங்கும். நீங்களே பாருங்கள்.

* அரசு கொடுக்கும் வைட்டமின் ‘ஏ’ சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். ஒன்பதாவது மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு லட்சம், ஐந்து வயது வரை. மொத்தம் ஒன்பது தவணை. நீங்களாகக் கடையில் வாங்கிக் கூடுதலாகக் கொடுக்கவும் கூடாது. அதிகமானால் விஷம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் ‘ஏ’ மாத்திரை தொடவே கூடாது, கருவைப் பாதிக்கும்.

கேட்கிறார்கள், சொல்கிறோம்

‘கேரட் ஜூஸ் தினமும் குடிச்சு உள்ளங்கை மஞ்சளாயிடுச்சு. மஞ்சள் காமாலையா?’

கண்ணாடியில் விழியின் வெள்ளையைப் பாருங்கள். வெள்ளையாகவே இருந்தால் அது கரோட்டின் தோலில் படிந்தது, ஆபத்தில்லை. ஜூஸைக் குறைத்தால் சில வாரங்களில் போய்விடும். வெள்ளை விழியும் மஞ்சளானால் உடனே டாக்டரிடம் போங்கள்.

‘அவர் நிறைய சிகரெட் குடிக்கிறார். பாதுகாப்புக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?’

வேண்டவே வேண்டாம்! பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. தினமும் 20 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு ஆய்வை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். இது அதிக அளவு மாத்திரைக்குத்தான். கீரைக்கும் காய்கறிக்கும் இந்தப் பயம் இல்லை. நிறுத்த வேண்டியது கீரையை அல்ல, சிகரெட்டை!

‘வயசான மாமியாருக்கும் கீரை கண்ணுக்கு உதவுமா?’

உதவும். விழித்திரையின் நடுவில் உள்ள மஞ்சள் புள்ளிக்கு நிறம் தருவதே லூட்டின், ஜியாசாந்தின் என்ற இரண்டு கரோட்டினாய்டுகள்தான். கீரையில் இவையும் உண்டு. அங்கேயும் இவற்றின் வேலை கடும் வெளிச்சத்திலிருந்து காப்பதுதான். செங்கல்பட்டு மண்ணில் பாக்டீரியா பிடித்த அதே குடை!

அடுத்த முறை கீரைக்காரம்மா வாசலில் கூவும்போது, ‘இன்னிக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்’ என்று அனுப்பிவிடாதீர்கள். பாக்டீரியா கண்டுபிடித்து, பாசி பத்திரப்படுத்தி, செடி சமைத்து வைத்திருக்கும் பண்டம் அந்தக் கூடையில் இருக்கிறது. நம்மால் செய்ய முடியாத ஒன்றைக் கட்டு கட்டி வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார். வாங்கி, அன்றைக்கே ஆய்ந்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் குழந்தை தட்டில் வையுங்கள். பழுத்து மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம். மஞ்சள் உள்ளே இருப்பதுதான் இப்போது உங்களுக்குத் தெரியுமே!